வியாழக்கிழமைப் பிள்ளைகள்

சத்தியம் பண்ணித்தான் ஆரம்பிக்கிறேன், பிறகு யாரும் முகத்தைச் சுளிக்கக் கூடாது. சூசையப்பர் மேல் ஆணை, அவர் கையிலிருக்கிற லீலிப் பூ மேல் ஆணை, என் வாயில் மிச்சமிருக்கிற நாலு பல் மேல் ஆணை, இதில் ஒரு சொல் பொய் கிடையாது. அன்றைக்கு அடித்த வெயிலில் காக்கைகள் பறக்கத் தெம்பில்லாமல் ரோட்டோரமாக நடந்தே போனதும் உண்மை, பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பம் சூட்டில் இளகி ஒரு முழம் வளர்ந்ததும் உண்மை, தொபியாஸ் மண்டைக்குள் ஓடியதும் உண்மை. அடுத்தவன் மண்டைக்குள் ஓடியது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: வெயிலில் நிற்கிற மனுஷன் மண்டை உலைப்பானை மாதிரி. மூடி தானாக ஆடும். கிட்ட நிற்கிறவனுக்கு உள்ளே வேகிறது என்னவென்று வாசனையிலேயே தெரிந்துபோகும்.

பாராளுமன்றத் தேர்தல் அன்று காலையில் மேலச்சூசையூர் பங்குப் பள்ளிக்கூடத்து வாசலில் தொபியாஸ் வரிசையில் போய் நின்றார். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை, நடுவில் ஒரு கயிறு. மேலே கட்டியிருந்த சாமியானா வரிசையின் தலையை மட்டும் மூடிவிட்டு வாலை வெயிலுக்கு விட்டிருந்தது. அவர் வாலில் நின்றார். உரக்கடைக்காரர், கோயில் காரியம் பேசி முடிவெடுக்கிற பங்குப் பேரவையின் செயலர், அதற்கும் மேலே கருவுயிர் காப்பு இயக்கத்தின் தலைவர். அப்படிப்பட்ட மனுஷன் நேரே முன்னால் போயிருந்தால் யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். ஆனால் வரிசை எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது என்று அவருக்கு இருந்தது. ஓட்டுப் போட்டுட்டு வந்து பேசுவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஓட்டுப் போடாத வரைக்கும் பேச வேண்டியதில்லை. சட்டைக் காலர் கழுத்தில் ஒட்டிக்கொண்டு அறுத்தது. பூத் சிலிப்பைக் கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து ஓரம் நைந்துபோயிருந்தது. கட்டில் சின்னம், கட்டில் சின்னம், என்று மனசுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார், மறந்துபோகிற விஷயம் மாதிரி. மூன்று மாசமாக வீடு வீடாகப் போய்ச் சொன்னது. கட்டில் சின்னக்காரர் பங்கு மண்டபத்தில் வேதபுத்தகத்தின் மேல் கை வைத்து, நான் டெல்லிக்குப் போனால் முதல் நாளே கருக்கலைப்புச் சட்டத்தை எதிர்த்துப் பேசுவேன் என்று சொன்னார். அன்றைக்குத் தொபியாஸுக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை காலமாகக் கோயிலில் சொல்லிச் சொல்லி என்ன கண்டோம், பிரசங்கம் வாசலோடு நின்றுவிடுகிறது, சட்டம்தான் வீட்டுக்குள் போகும், ஆஸ்பத்திரிக்குள் போகும், டாக்டர் கையைப் பிடிக்கும். அதுதான் அவர் கணக்கு. அந்தக் கணக்கில் தப்பில்லை. இன்றைக்குக் காலைவரைக்கும் தப்பில்லை. காப்பி குடிக்கிறவரைக்கும் தப்பில்லை.

காப்பி ஆறிப்போயிருந்தது. அதைத்தான் முதலில் நினைத்தார், ஜெனோவா சொன்னதை நினைக்காமல் இருக்க. செத்துப்போன தம்பியின் மகள், பத்து வயசிலிருந்து இவர் வீட்டில் வளர்ந்தவள், திருநெல்வேலியில் ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறவள், போன வாரம் பையோடு வந்து இறங்கினவள், சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டு, நிமிர்ந்து, அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் இவருக்கு ஏதாவது செய்ய வந்திருக்கும். மூணு மாசம் பெரியப்பா. அவன் போயிட்டான், போன் எடுக்க மாட்டேங்கான். நீங்க ஊர் முன்னால எங்க வீட்டுப் பிள்ளைன்னு ஒரு வார்த்த சொல்லுவியளா. சொன்னா பெத்துக்கிடுதேன். வீட்டுக்குள்ள வச்சுச் சொல்றது எனக்கு வேண்டாம். சொல்லலைன்னா மத்தியானப் பஸ்ல போறேன், திருநவேலில எல்லாம் பேசியாச்சு. அவ்வளவுதான் சொன்னாள். டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடினார். மேசை பக்கத்திலேயே இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்தார். இயக்கத்துக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தால் ஆற்றுத் தண்ணீர் மாதிரி வருகிற வாய். வந்தது என்ன, ஓட்டுப் போட்டுட்டு வந்து பேசுவோம். ஜெனோவா சிரித்தாள் போல இருந்தது. சிரித்தாளா. உதடு அசைந்தது. லூர்தம்மாள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி, நாப்பது வருஷமாக இவரோடு குடும்பம் நடத்துகிறவள், ஒரு நாளும் எதிர்த்துப் பேசாதவள், சாவகாசமாகச் சொன்னாள்: நானும் ஓட்டுப் போட்டுட்டு வந்துருதேன். வந்து இவகூடப் பஸ் ஏறுவேன். என்ன சொல்லுத லூர்து, நீயா, ஒனக்குப் பாவம்னு தெரியாதா. தெரியும், அவளைத் தனியா அனுப்புறதும் பாவம்தான். ஏங்க, ஒண்ணு கேக்கேன். போன வருஷம் மைக்குல சொன்னியளே, வியாழக்கிழமைப் பிள்ளையே நம்ம பங்குல இப்ப கிடையாதுன்னு. அந்தப் பிள்ளைங்க எல்லாம் எங்க போச்சுன்னு நெனைக்கிறிய.

எங்கே போச்சு. வரிசை ஒரு எட்டு நகர்ந்தது. அவரும் ஒரு எட்டு நகர்ந்தார். வியாழக்கிழமை என்றால் மேலச்சூசையூரில் வேறு அர்த்தம். கல்யாணமாகிப் பிறந்த பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்து, பெரிய மணி அடித்து, கற்கண்டு கொடுத்து ஞானஸ்நானம். கல்யாணமாகாதவள் பெற்ற பிள்ளைக்கு வியாழக்கிழமை சாயங்காலம், பக்கவாசல் வழியாக, மணி கிடையாது, கற்கண்டு கிடையாது, ஞானத்தகப்பனாகக் கூட நிற்க ஆள் கிடையாது, கோயில் வேலை பார்க்கிற உபதேசியார் ஒருத்தர்தான் சாட்சி. யார் எந்தக் காலத்தில் வைத்த வழக்கமோ தெரியாது, திருச்சபைச் சட்டத்தில் எங்கேயும் கிடையாது, ஊர்ச் சட்டம். அந்தப் பிள்ளைக்குச் சாமியார் என்ன பேர் வைத்தாலும் ஊர் வைக்கிற பேர் வியாழக்கிழமை. அது பள்ளிக்கூடத்துக்குப் போகும், பெண் பார்க்கப் போகும், பெட்டியிலே வைத்துக் கல்லறைக்குத் தூக்கும்போதும் கூடப் போகும். நாலு வருஷத்துக்கு முன்னால் ஜெரால்டு சாமியார் பங்குக்குப் புதுசாக வந்ததும் பேரவையில், இந்த வழக்கத்தை எடுத்துவிடுவோமா, எல்லாப் பிள்ளைக்கும் ஞாயிற்றுக்கிழமை கொடுத்துவிடுவோமா என்று மெதுவாகக் கேட்டார். எடுக்க வேண்டாம்கிறவங்க கை தூக்குங்க. முதலில் ஏறிய கை யாருடையது. தொபியாஸ் தன் வலது கையைப் பார்த்தார். பூத் சிலிப்பைப் பிடித்துக்கொண்டு வியர்த்திருந்தது. சாமி, வேலிய எடுத்துட்டா வயலு என்னத்துக்கு ஆகும், பாவத்துக்கு மணி அடிக்கச் சொல்லுதியளா, என்று சொன்னது ஞாபகம் இருந்தது. நல்ல வசனம். அன்றைக்கு எல்லாரும் தலையை ஆட்டினார்கள். வியாழக்கிழமை என்கிற பயம் இருந்தால் பெண்பிள்ளைகள் ஒழுக்கமாக இருக்கும், ஒழுக்கமாக இருந்தால் கரு வராது, கரு வராவிட்டால் கலைக்க வேண்டாம். எவ்வளவு நேராகப் போகிற கணக்கு. நூல் பிடித்த மாதிரி. அதற்குப் பிறகு ஒரு வியாழக்கிழமைகூட உபதேசியாருக்கு வேலை வரவில்லை. அதைத்தான் இயக்கத்து ஆண்டுவிழாவில் மைக்கில் சொன்னார், இதுவே நம்முடைய வெற்றி என்று சொன்னார், கைதட்டல் மண்டபத்து ஓட்டைத் தூக்கியது, பொன்னாடை போர்த்தினார்கள். லூர்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கை இரண்டும் மடியில் கிடந்தது. கைக்குட்டை எடுக்கிறாள் என்று நினைத்தார். கைக்குட்டை எடுக்கவில்லை. அவள் அன்றைக்கே கேட்டிருந்தாள் போல, வாயால் கேட்க மட்டும் ஒரு வருஷம் ஆகியிருக்கிறது.

“என்ன வே தொபியாசு, நின்னுகிட்டே தூங்குதீரா?” பின்னாலிருந்து வியாகுலம் தோளைத் தட்டினார். கூடப் படித்தவர், அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வாய்க்குப் பூட்டு இல்லாதவர். “ஒம்ம ஆளு கட்டிலத்தான எடுத்திருக்காரு? கருவுக்குக் காவல்னு சொல்லிட்டுக் கட்டில எடுக்கலாமா வே? எல்லா வம்புக்கும் ஆரம்பமே அதுதான?” முன்னால் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். தொபியாஸ் சிரிக்கவில்லை. “சட்டம் வந்தா எல்லாம் சரியாப்போகும். ஹெல்மெட்டுக்குச் சட்டம் போட்ட பெறகுதான வே ஒம்ம மகன் தலையில ஹெல்மெட்டு ஏறிச்சு?” “ஏறிச்சு. போலீசு நிக்கிற முக்கு வந்தா ஏறும். முக்கு தாண்டுனா டேங்க் மேல உக்காந்துரும். வரதட்சணைக்குக்கூடச் சட்டம் இருக்குங்காவ. வாங்காத வீட்ட ஒண்ணு காட்டும், நான் போயி விழுந்து கும்பிடுதேன்.” “அப்போ சட்டமே வேண்டாங்கீரா?” “வேண்டாம்னு எப்ப சொன்னேன்? ஓட்டுப் போடத்தான வே வெயில்ல வேகுதேன். சட்டம் கதவு மாதிரி. பூட்டலாம். உள்ள இருக்கவன வெளிய தள்ளுறது யாருன்னும் பாக்கணும்லா.” சொல்லிவிட்டு வியாகுலம் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார், பேச்சு முடிந்துபோன மாதிரி. கண்டக்டர் பேச்சு. ஸ்டாப்பு வந்ததும் விசில் ஊதிவிடுவார். தொபியாஸுக்குப் பதில் இருந்தது, நல்ல பதில், இயக்கத்து வகுப்பில் எடுத்துச் சொல்கிற பதில்: கதவு திறந்து கிடக்கிறதால்தான் போகிறார்கள், கதவு மட்டும் பூட்டியிருந்தால் ஜெனோவா இன்றைக்கு மத்தியானப் பஸ்ஸை நினைத்தே இருக்க மாட்டாள், வேறே வழியில்லாமல், வேறே வழியில்லாமல் என்ன செய்வாள். அந்த இடத்தில் முள் குத்தியது. நினைப்பு அந்த இடத்துக்கு வந்து வந்து நின்றது, செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டு வந்து அதே கல்லில் கால் இடறியது.

குணசீலி. எந்தக் கல் என்று தெரிந்துவிட்டது. அப்போது தொபியாஸுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்த காலம். அந்தக் காலத்தில் கதவு பூட்டித்தான் இருந்தது. சட்டம் கூடாது என்றுதான் சொன்னது, ஆஸ்பத்திரியில் செய்ய மாட்டார்கள், கட்டில் சின்னக்காரர் டெல்லியில் போய் என்ன கேட்கப் போகிறாரோ அது அப்படியே இருந்தது. கிழக்குத் தெருக் குணசீலி ஞானோபதேச வகுப்பில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவள், பின்னலில் கனகாம்பரம் வைக்கிறவள். ஒரு நாள் காலையில் தெருவே தோட்டத்துக் கிணற்றைச் சுற்றி நின்றது. பெரியவர்கள் பிள்ளைகளைத் துரத்தினார்கள். வயிற்றில் இருந்தது என்று பிறகுதான் பெண்கள் பேசிக்கொண்டார்கள். வியாழக்கிழமை சுமக்க மாட்டேன்னு சொன்னாளாம் அவ அம்மைகிட்ட. சட்டம் கையில் தடியோடு நின்றுகொண்டுதான் இருந்தது, அவளும் பிள்ளையும் தடியைத் தாண்டிப் போய்விட்டார்கள். கோயிலில் சாவு மணி அடிக்கவில்லை, அதுவும் ஊர்ச் சட்டம். தண்ணீரிலிருந்து தூக்கும்போது கனகாம்பரம் பின்னலிலேயே இருந்தது என்று யாரோ சொன்னார்கள். அவர் பார்க்கவில்லை. பார்க்காத பூ இத்தனை வருஷம் கழித்து, இந்த வெயிலில், கண்ணுக்கு முன்னால் அத்தனை சிவப்பாக வருகிறது. இதை ஏன் ஒரு கூட்டத்திலும் சொன்னதில்லை. மறந்துபோகவில்லை. கணக்கில் பொருந்தவில்லை, அதனால் கணக்குக்கு வெளியே வைத்துவிட்டார், உரமூட்டைக் கணக்கில் கிழிந்த மூட்டையைத் தள்ளி வைக்கிற மாதிரி. சரி, அப்படியென்றால் சட்டம் வீணா. வீணில்லை. குழந்தைக் கல்யாணத்தைச் சட்டம் நிறுத்தவில்லையா. நிறுத்தியது. சட்டம் மட்டுமா நிறுத்தியது, பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனது நிறுத்தியது, ஊர் கேவலமாக நினைக்க ஆரம்பித்தது நிறுத்தியது. இரண்டில் எது முன்னால். மாட்டுக்கு முன்னால் வண்டியா, வண்டிக்கு முன்னால் மாடா. ஊரின் மனசை மாற்ற நூறு வருஷம் ஆகும், சட்டத்தை மாற்ற ஒரு ஓட்டு போதும் என்று நோட்டீசில் போட்டோமே. நூறு வருஷம். ஜெனோவாவுக்கு மத்தியானம்வரைக்கும்தான் இருக்கிறது.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் லூர்தம்மாள் தெரிந்தாள். பெண்கள் வரிசை வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் சாமியானாவுக்குள் போய்விட்டாள், முதுகு மட்டும் தெரிகிறது, ரவிக்கை முதுகில் வியர்வை ஒரு தீவு மாதிரி. அவள் வெளியே வந்தால் நேரே வீடு, வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்பு. திரும்பிப் பார்த்தால் நன்றாக இருக்கும். பார்த்தால் இவர் கண்ணாலேயே ஏதாவது சொல்லிவிடலாம், கொஞ்சம் பொறு, அடுத்த பஸ்ல போங்க, சாயங்காலம் பேசுவோம். அவள் திரும்பவில்லை. இவர் எக்கிப் பார்த்ததில் பூத் சிலிப் கைநழுவி விழுந்தது, குனிந்து எடுத்தார். பயம் என்று ஒத்துக்கொள்ள மனசில்லை, காலையில் சாப்பிடாததுதான் என்று வைத்துக்கொண்டார். எதற்குப் பயம். பட்டியல் போட்டுப் பார்க்க முடியாத பயம். சம்பந்தி வீட்டார் முகம் வந்தது. இரண்டு மகள்களையும் ஞாயிற்றுக்கிழமை மணியடித்து வளர்த்து, கோயிலில் கல்யாண ஓலை வாசித்துக் கட்டிக்கொடுத்தாயிற்று, அவர்களுடைய மாமியார்கள் என்ன சொல்வார்கள். கடையில் யூரியா வாங்க வருகிறவன் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டே கேட்பான், அண்ணாச்சி, ஒங்க வீட்டு விசயம் உண்மையா. இயக்கத்துக்காரர்கள் நேரில் கேட்க மாட்டார்கள், கூட்டத்துக்கு வருவதைக் குறைப்பார்கள். கருவைக் காப்பாற்றச் சொல்லித்தரப் போனவன் வீட்டிலேயே. அந்த வீட்டிலேயே என்கிற சொல் காதுக்குள் கொசு மாதிரி சுற்றியது. அப்போதுதான் இன்னொரு நினைப்பு அதன் வாலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தது, வரக் கூடாத நினைப்பு: அவள் மத்தியானம் பஸ் ஏறிப் போய்விட்டு நாளைக்குத் திரும்பி வந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஊருக்குத் தெரியாது. இவர் தலைவராகவே இருக்கலாம். அடுத்த ஆண்டுவிழாவிலும் மைக்கைப் பிடிக்கலாம், இந்த வருஷமும் ஒரு வியாழக்கிழமைப் பிள்ளையும் கிடையாது என்று சொல்லலாம், பொய்யே இல்லாமல் சொல்லலாம். அந்த நினைப்பு ஒரு நொடிதான் இருந்தது. அந்த ஒரு நொடி அது அவருக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்ததை உணர்ந்தபோது பக்கத்தில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டார். அங்கேதான் போச்சு, லூர்து. எல்லாப் பிள்ளையும் இந்த நிம்மதிக்குள்ளேதான் போச்சு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தொபியாஸ் ஒரு நொடி இப்படி மூச்சு விட்டிருப்பான்.

“வெயிலு ஏறிட்டோ? தண்ணி குடியும்.” வியாகுலம் பிளாஸ்டிக் பாட்டிலை நீட்டினார். தண்ணீர் வெந்நீராக இருந்தது. குடித்தார். பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போது தன்னையறியாமல் கேட்டுவிட்டார், “வியாகுலம், ஒம்மட்ட ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைப்பீரா?” “தப்பாத்தான் நெனைப்பேன், கேளும்.” “ஒம்மள வியாழம் வியாழம்னு நாங்க எல்லாம் கூப்பிட்டோமே, பள்ளிக்கூடத்துல. நானும் கூப்பிட்டிருக்கேன்.” “நீர்தான் வே சத்தமாக் கூப்பிடுவீரு.” வியாகுலம் சிரித்தார். அறுபது வருஷமாக ஊர் கண்ட அதே சிரிப்பு. அது முகத்தில் எங்கே முடிகிறது என்று தொபியாஸ் அன்றைக்குத்தான் பார்த்தார், கண்ணுக்குக் கீழே, ஒரு விரல் தள்ளி. “பஸ்ல டிக்கெட் போடும்போதும் நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் ஏறுனான்னா, ஏய் வியாழம், ஒண்ணு குடும்பான். குடுப்பேன். என்ன செய்ய?” தலையில் கிடந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். பிறகு குரலை இறக்கி, வேறு யாருக்கோ சொல்கிற மாதிரி, முன்னால் நின்றவர்களின் பிடரியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “எங்கம்ம சாகும்போது சொன்னா, கிணத்துப் பக்கம் ரெண்டு தடவ போனேன்டா மக்கா, திரும்பிட்டேன்னு. ஏம்மா திரும்புனன்னு கேட்டேன். எங்கண்ணன் மூட்டை தூக்குற ஆளு, கெட்ட கோவக்காரன், அவன் வாசல்ல நின்னு தெருவுக்கே கேக்க, எந்தங்கச்சி பெறப்போறா, எவனுக்கு என்னடான்னு கத்துனான், அதைக் கேட்டுட்டுத் திரும்பிட்டேன்னா. எங்க மாமனுக்குச் சட்டமும் தெரியாது, வேதமும் தெரியாது. அவரு கத்துனாரு, நான் இருக்கேன். வியாழம்னு கூப்பிட்டாலும் கூப்பிட ஒரு ஆளு இருக்கேம்லா.” அதற்குள் அவருக்கே வெட்கமாகிவிட்டது. “நகரும் வே, ஓட்டு முடிஞ்சு ரிசல்ட்டே வந்துரும் போல” என்று முதுகில் குத்தினார்.

நிழல் வந்துவிட்டது. சாமியானாவின் ஓரம் அவர் நெற்றியைத் தாண்டிப் பின்னால் போனது, திடீரென்று எல்லாம் இருட்டாகத் தெரிந்தது, பிறகு ஒவ்வொரு முகமாகத் தெளிந்தது. ஊரே இங்கேதான் நிற்கிறது. பூசைக்குக்கூட இத்தனை பேர் சேருவதில்லை. யாரிடமும் குற்றம் தேடுகிற சேசுராசன் நிற்கிறான், பேரவைப் பொருளாளர் நிற்கிறார், கட்டில் சின்னத்து ஏஜெண்ட் பையன்கள் வாசலில் நிற்கிறார்கள், கிழக்குத் தெருப் பெண்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் முந்தானையால் விசிறிக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டு பேருக்கு முன்னால் வெள்ளை அங்கி. ஜெரால்டு சாமியார். மற்றவர்களைப் போல வரிசையில்தான் நிற்பேன் என்று வந்து நின்ற இளவயசுக்காரர், கழுத்தெல்லாம் சிவந்துபோய். லூர்தம்மாள் உள்ளேயிருந்து வெளியே வந்தாள். விரலில் மை. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், வாசல் கேட்டைப் பார்த்து நடந்தாள். அவள் நடை அவருக்குத் தெரியும். சாவு வீட்டுக்குப் போகிற நடை. அவளைக் கூப்பிடணும். லூர்து என்று கூப்பிட்டால் போதும். கூப்பிட்டு என்ன சொல்வது, வீட்டுக்குள் சொல்கிறதையா. வீட்டுக்குள்ள வச்சுச் சொல்றது எனக்கு வேண்டாம் பெரியப்பா. அவர் வாய் திறந்தது. வந்தது லூர்து இல்லை.

“சாமி.” உரக்கடையில் சுமை ஆட்களைக் கூப்பிடுகிற குரலாக வந்துவிட்டது. சாமியார் திடுக்கிட்டுத் திரும்பினார். “சாமி, அந்த வியாழக்கிழம வழக்கம் வேண்டாம். அன்னைக்கு நான் தூக்குன கை தப்பு.” சாமியார் சுற்றிலும் பார்த்தார். சங்கடமாகச் சிரித்தார். “அதுக்கென்ன அண்ணாச்சி, பேரவைல வச்சுப் பேசுவோம்.” பேசுவோம். தான் காலையில் சொன்ன சொல் இன்னொருத்தர் வாயிலிருந்து திரும்பி வரும்போது எவ்வளவு மரியாதையாக இருக்கிறது, எவ்வளவு மெத்தென்று கதவைச் சாத்துகிறது. “பேரவை பெறகு இருக்கட்டும் சாமி. எனக்கு இந்த ஐப்பசி கார்த்திகைல ஒரு ஞாயித்துக்கிழம வேணும். மணியோட வேணும்.” “யாருக்கு அண்ணாச்சி?” சாமியார் கேட்டது சாதாரணமாகத்தான், விபரம் தெரியாமல்தான். ஆனால் அந்தக் கேள்வி விழுந்ததும் இரண்டு வரிசையும் பேச்சை நிறுத்தியது. விசிறிக்கொண்டிருந்த முந்தானைகள் நின்றன. உள்ளே மெஷின் பீப் என்று இழுத்து அடங்கியது. யாருக்கு. பொதுவாகச் சொன்னேன் சாமி என்று சொல்லலாம், இன்னும் சொல்லலாம், நேரம் இருக்கிறது, இயக்கத்தின் சார்பாகக் கேட்டேன், கஷ்டப்படுகிற பெண்பிள்ளைகளுக்காகக் கேட்டேன், எல்லாரும் தலையை ஆட்டுவார்கள், நல்ல மனுஷன் என்பார்கள், அடுத்த ஆண்டுவிழாவில் இதற்கும் ஒரு பொன்னாடை போர்த்துவார்கள். நாக்கு அந்தச் சொல்லின்மேல் போய் உட்கார்ந்தேவிட்டது. சேசுராசன் ஒரு புருவத்தைத் தூக்கிக்கொண்டிருந்தான். அந்தப் புருவத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “எங்க வீட்டுக்கு. எந்தம்பி மக ஜெனோவா பெறப்போறா. மாப்பிள்ள கிடையாது. நாந்தான் ஞானத்தகப்பன்.”

ஒரு பெண் மாதாவே என்றாள். எங்கேயோ பின்னால் ஒரு இளவட்டம் களுக்கென்று சிரித்தது, யாரோ மண்டையில் போட்டார்கள், நின்றது. சாமியார் தொபியாஸின் கையைப் பிடித்தார், பிடித்த கையை உடனே விடவும் தெரியாமல் நின்றார். ஏஜெண்ட் பையன்கள் தரையைப் பார்த்தார்கள். தொபியாஸ் நிமிர்ந்தே நின்றார். உலகம் இடிந்து விழும் என்று நினைத்திருந்தார். ஒரு ஈ வந்து மணிக்கட்டில் உட்கார்ந்தது. லேசாகிவிடும் என்றும் நினைத்திருந்தார். லேசாகவும் இல்லை, மூட்டையை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றின மாதிரி இருந்தது, கனம் அதே கனம், நிற்க மட்டும் முடிந்தது. அப்புறம் வியாகுலம், “சாமி, கைய விடுங்க, அவரு ஓட்டுப் போடணும், நாங்களும் போடணும்” என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கேட்டுப் பக்கம் லூர்தம்மாள் நின்றிருந்தாள். கேட்டைத் தாண்டி ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்றிருந்தாள். முந்தானையை எடுத்துத் தலையில் போட்டாள். பிறகு வீட்டைப் பார்த்து ஓடினாள். அறுபது வயசுப் பொம்பிளை, முட்டியில் வலி என்று மாடிப்படி ஏறாதவள், அந்த வெயிலில், செருப்பு ஒன்று கழன்றதையும் பார்க்காமல் ஓடினாள். கருவேலங்காட்டுக்கு அந்தப் பக்கம் மத்தியானப் பஸ்ஸின் ஹாரன் கேட்டது, அவள் அதைவிடவும் வேகமாக ஓடினாள். இதையும் நான் பொய் சொல்லவில்லை.

தொபியாஸ் உள்ளே போனார். பேரைக் கூவினார்கள், விரலில் மை வைத்தார்கள், அட்டை மறைப்புக்குப் பின்னால் குனிந்தார். எதை அமுக்கினார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, ஆனால் கட்டிலைத்தான் அமுக்கியிருப்பார். சட்டம் வேண்டாம் என்று அந்த மனுஷன் அன்றைக்கும் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை. கட்டில் டெபாசிட்டைக்கூடத் திரும்ப வாங்கவில்லை, அது வேறு. இயக்கத்துக் கூட்டத்துக்குப் பாதிப் பேர் வருவதை நிறுத்தினார்கள், ஒரு சம்பந்தி வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை, கடையில் கேட்கிறவன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான், அதுவும் வேறு. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதை யாரிடமாவது சொல்வதானால் சொல்லுங்கள், யார் சொன்னது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தொபியாஸுக்குப் பயந்து சொல்லவில்லை, அவர் ஊர் முன்னால் பேசிப் பழகிவிட்டார். அந்தப் பிள்ளை இப்போது பிடிக்கிறதை எல்லாம் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருக்கிறது, இன்னும் கொஞ்ச நாளில் பேச்சும் புரிந்துவிடும். தன்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று ஒரு மனுஷன் ஒரு காலைப்பொழுது பூராவும் வெயிலில் நின்று யோசித்தார் என்பது அதன் காதுக்கு எந்தக் காலத்திலும் போகக் கூடாது. போனால் இந்த வாயிலிருந்துதான் போனதாக இருக்கக் கூடாது.